‘இனம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது: குளத்தடியில் ஒரு கதைவிளையாட்டு

பின்னணி

2024 சித்திரை விடுமுறையில், முல்லைத்தீவு மாவட்டத்துக் குளத்தடிக் கிராமம் ஒன்றில், வாசிகசாலையின் பின்விறாந்தையில் ஆறு பேரோடு ஒரு மேசைக் கதைவிளையாட்டைத் தொடங்கினேன். ஞாயிறு பின்னேரங்களில், ரியூசன் முடிந்த பிறகு கூடினோம். புரட்டாதி வரை 13 தடவை விளையாடினோம். அதில் முதல் 6 தடவையும் பெரும்பாலும் பிழைத்தே போனது. யாராவது இதையே வேறு ஊரில் செய்ய நினைத்தால் அந்த ஆறும் அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: ஒருவர் உலகத்தைச் சொல்வார், நான் அந்த வேலையைச் செய்தேன். மற்ற ஒவ்வொருவரும் அந்த உலகத்தில் ஒரு ஆளாக இருந்து, தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் டைஸ் உருட்டுவோம். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகையின் மூத்த விளையாட்டு. கொழும்பில் வேலை செய்த காலத்தில் ஒரு கூட்டத்தோடு அதை ஆங்கிலத்தில் விளையாடிப் பழகினேன். அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டன. யாரிடமும் கேட்காமல் மொழிபெயர்க்கலாம் என்பதால் தேவையான 12 பக்கத்தைத் தமிழாக்கி, போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

ஆறு பேரில் மூன்று பெண்கள், மூன்று ஆண்கள். வயது 16 முதல் 24 வரை. இதில் அடிக்கடி வரப்போகிறவர்கள் மூன்று பேர்: முன்பள்ளியில் படிப்பிக்கும் 24 வயதுப் பெண், அவரை மூத்தவர் என்கிறேன். 17 வயது மாணவி, அவர் இளையவர். 19 வயதுப் பெடியன், தகப்பன் வயல் செய்கிறவர், அவன் கமக்காரர் மகன். எல்லோருக்கும் நான் அண்ணா.

முதல் இரண்டு ஞாயிறுகள்

நான் கொடுத்த தாளில் பெயர், இனம், தொழில் என்று மூன்று கட்டங்கள். ‘இனம்’ என்ற கட்டத்தில் எல்ஃப், டுவார்ஃப் என்ற கற்பனை இனங்களில் ஒன்றையோ மனிதர் என்றோ எழுதவேண்டும். இளையவர் அதில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதி வைத்திருந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் பகிடிக்கு எழுதவில்லை. கிராம சேவகர் தொடக்கம் பள்ளிக்கூடம் வரை எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்துக்கு அவர் எழுதிவந்த பதில் அது. அடுத்த கட்டத்தில் மதம் கேட்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தாராம்.

நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அந்தச் சொல்லைப் பற்றி யோசிக்காமல் கடந்துபோனேன்.

கதை தொடங்கியது. நிலத்துக்கு அடியில் இருட்டறை, படியிறங்கிப் போகவேண்டும். 16 வயதுப் பெடியன் உடனே, “பங்கர்தானே அண்ணா” என்றான். சரி, அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உள்ளே நடக்கும்போது ஒருவர் காலடியில் கல் ஒன்று மெல்ல அமிழ்கிறது. இந்த விளையாட்டில் ஆயிரம் தடவை வந்துபோன பொறி அது. “மிதிவெடியோ?” என்று அதே பெடியன் கேட்டான். மேசையில் பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் சிரிக்கவில்லை. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத மாவட்டம் இது. சிவப்பு மண்டையோட்டுப் பலகையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளிடம் காலடிக் கல் அமிழ்கிறது என்று சொன்னால், அது பொழுதுபோக்குப் பொறியாக இருக்காது. கொழும்பு மேசையில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் ஞாயிறு ஓர்க்குகள் என்ற கற்பனை அரக்கர்களின் ஊர். புத்தகக் கதைப்படி ஆட்கள் அதைத் தாக்கவேண்டும். மூத்தவர் டைஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அவையின்ர பிள்ளையள் எங்க?” எனக்குப் பதில் வரவில்லை. ஓர்க்குகள் பிறவியிலேயே கெட்டவர்கள் என்றேன். “பிறவியிலயோ?” என்றார். அவ்வளவுதான். அன்று அரை மணி நேரம் முன்னதாகவே தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இந்தக் கேள்வி வன்னியில் மட்டும் எழுந்த கேள்வி இல்லை. பிறவியோடு வரும் வலிமை, அறிவு என்ற கணக்கை இனத்திலிருந்து கழற்றிவிடும் வழியை அந்த விளையாட்டே 2020இல் தந்தது. 2024இல் வந்த புதிய விதிநூலில் ‘ரேஸ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஸ்பீசீஸ்’ என்று போட்டார்கள். ஆங்கிலத்தில் அது மாற்றம். தமிழில் இரண்டையும் சுருக்கிச் சொன்னால் திரும்ப இனம்தான் வரும். உயிரினத்துக்கும் அதே சொல், இனப்பிரச்சினைக்கும் அதே சொல்.

முதல் முடிவும் காரணமும்

மூன்று வழி இருந்தது. விட்டுவிடலாம். அல்லது பழைய பெயர்களை வைத்துக்கொண்டு வாழ்க்கையை மட்டும் மாற்றலாம். 1991இல் வந்த டார்க் சன் என்ற உலகத்தில் அப்படிச் செய்தார்கள். தண்ணீரும் உலோகமும் அரிதான பாலைவனம் அது, எல்ஃப்கள் அங்கே காடுவிட்டுப் பாலையில் ஓடித்திரியும் நாடோடிகள். காய்ந்த நாடு என்பதால் முதலில் எனக்கும் அதில்தான் மனம் போனது. மூன்றாவது வழி, உடம்பிலிருந்தே புதிதாகத் தொடங்குவது.

மூன்றாவதைத் தெரிந்தெடுத்தேன். காரணம் எளிது. எல்ஃப் பாலைவனத்தில் ஓடுகிறது என்றால் வியப்பு வருவதற்கு, எல்ஃப் காட்டில்தான் இருக்கும் என்ற பழக்கம் முதலில் இருக்கவேண்டும். இந்த ஆறு பேருக்கும் எல்ஃப் என்றால் நீளக் காது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வழக்கத்தை மீறுவதற்கு முதலில் வழக்கம் என்று ஒன்று வேண்டுமே. இங்கே எல்ஃபும் புதிது, எறும்புமனிதனும் புதிது. அப்படியானால் பக்கத்தில் இருப்பதிலிருந்தே எடுக்கலாம்: கறையான் புற்று, அழுங்கு (எறும்புதின்னி), ஆமை, தேவாங்கு.

முடிவு சரியானதுதான். அதைச் செய்த விதம்தான் கெட்டுப்போனது.

38 பக்கம்

மூன்று கிழமையில், தனியே இருந்து, 38 பக்கம் எழுதினேன். அலைகரை நாடு என்று பெயர். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஏழு குளங்கள், மேல்குளம் வான் பாய்ந்தால்தான் கீழ்க்குளம் நிறையும். அங்கே ஒன்பது வகை மக்கள். ஒவ்வொருவருக்கும் படைப்புக் கதை, ஆண்ட அரசர், திருமணச் சடங்கு, எழுத்துமுறை. எழுதும்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை. இப்படி உலகம் எழுதுகிற எவருக்கும் இந்த நோய் வரும்.

பெயர் வைப்பதில்தான் முதல் அடி. தேவாங்கு உடம்புக்காரருக்குத் தேவாங்கர் என்று பெயர் வைத்திருந்தேன். இந்தியாவில் இருக்கும் நண்பன் ஒருவனுக்குப் பக்கங்களை அனுப்பியபோது, அது அங்கே நெசவுத் தொழில் செய்யும் ஒரு சமூகத்தின் பெயர் என்றான். பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். புற்றர், அழுங்கர், ஆமையர். தமிழில் எந்தச் சொல்லோடும் ‘அர்’ சேர்த்தால் சாதிப் பெயர் போல ஒலிக்கிறது. சரி, நம்மூர்ச் சொல்லையே போடுவோம் என்று ‘புற்றடி ஆக்கள்’, ‘மரத்தடி ஆக்கள்’ என்று மாற்றினேன். தாளில் ‘நீங்கள் என்ன ஆக்கள்?’ என்று கேள்வியும் போட்டேன். மூத்தவர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். “அண்ணா, இது சாதி கேக்கிற கேள்வியெல்லோ.” உண்மைதான். வடக்கில் அந்தக் கேள்வியை வேறு எதற்கும் யாரும் கேட்பதில்லை.

கடைசியில் அந்தக் கட்டத்தை இரண்டாக உடைத்தோம். ஒன்று ‘உடம்பு’, மற்றது ‘ஊர்’. புற்று உடம்பு, மூன்றாம் குளத்தடி. ஆமை உடம்பு, அதே மூன்றாம் குளத்தடி. உடம்போடு வருவது ஓடு, கண், மூச்சு, பசி. ஊரோடு வருவது பேச்சு, தொழில், கோபம், கடன். ஊர் கேட்பதிலும் சில இடங்களில் வேறு கேள்வி ஒளிந்திருக்கும் என்று தெரியும். ஆனால் வன்னியில் குடியேற்றத் திட்டங்களால் வந்தவர்கள், மலைநாட்டிலிருந்து 1977 கலவரத்துக்குப் பின் வந்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒரே வாய்க்காலில் பலரும் கலந்திருக்கிறார்கள். ஆகவே ஒரே ஊரில் ஒன்பது உடம்பு என்பது யாருக்கும் விளக்கம் தேவைப்படாத விசயமாக இருந்தது. 38 பக்கத்தில் மிஞ்சிய நல்ல யோசனை இது ஒன்றுதான், இதிலும் பாதி மூத்தவருடையது.

மற்றபடி பக்கங்களை யாரும் வாசிக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் நானே கதைத்தேன். தெரிவு செய்யச் சொன்னபோது ஆறு பேரில் நாலு பேர் மனித உடம்பை எடுத்தார்கள். இது எதிர்பார்த்திருக்கவேண்டிய ஒன்று. எதையும் பிழையாகச் செய்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிற இடத்தில் எவரும் தெரிந்த உடம்புக்குள்தான் ஒதுங்குவார்கள். 1975இல் வந்த டெக்குமெல் என்ற உலகம் இதைவிட அந்நியமானது, அதற்கென்று தனிமொழியே உண்டு. ஆனால் அதன் முதல் விதிநூலில் விளையாடுகிறவர்கள் ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரராகக் கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்குவார்கள். விளையாடுகிறவருக்குத் தெரியாதது அவர் ஏற்ற ஆளுக்கும் தெரியாது, கேட்டுக் கேட்டுப் பழகலாம். இதை முன்பே வாசித்திருந்தும், என் பக்கங்களைக் காட்டும் ஆசையில் மறந்துபோனேன்.

மனித உடம்பை எடுக்காத இரண்டு பேரில் ஒருவர் கமக்காரர் மகன். அழுங்கு சுருண்டால் ஒருவராலும் விரிக்க ஏலாது என்பதற்காகவே எடுத்தான். மற்றவர் இளையவர். அவர் புற்று உடம்பை எடுத்தார். ஏன் என்று கேட்டேன். 22ஆம் பக்கத்தில் ஒரு வரி இருந்ததாம்: புற்றில் இருப்பவர்கள் இருக்கிறவர்களை எண்ணிப் பார்க்காமல் நித்திரைக்குப் போகமாட்டார்கள். அந்த வரியை எழுதியதே எனக்கு நினைவில்லை.

எண்ணிக்கை

அந்த ஒரு வரியை வைத்து அவர் விளையாடிய விதம் மேசையையே மாற்றியது. அதுவரை வாய் திறக்காதவர், ஒவ்வொரு கதைநாளும் இருட்டியதும் விரலை நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று மேசையைச் சுற்றி எண்ணுவார். வழியில் சேர்ந்த வண்டிக்காரனை எண்ணுவதா என்று இரண்டு பேர் வாதாடினார்கள். எண்ணிவிட்டால் அவன் நம் ஆள் ஆகிவிடுவான், அவனுக்கும் சாப்பாடு கொடுக்கவேண்டும். நான் எழுதிய அரசர், சடங்கு எதுவும் செய்யாத வேலையை அந்த எண்ணிக்கை செய்தது.

கதை சொல்கிறவருக்கு இப்படி ஒன்று கிடைத்தால் அதைக் கிள்ளிப் பார்க்கத் தோன்றும். ஆறாம் ஞாயிறு, இரவு, ஐந்தாம் குளத்துக் கட்டின் மேல் படுக்கை. இளையவர் எண்ணினார். நான் சொன்னேன்: “ஒரு ஆள் குறையுது.”

திகில் ஊட்டும் இடம் என்று நினைத்தேன். அவர் இன்னொரு முறை எண்ணவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு, “நான் போறன்” என்று சைக்கிளில் போய்விட்டார். மூத்தவர் அவர் பின்னால் போனார்.

2009இல் அவர் மிகச் சிறிய பிள்ளை. அவர் வீட்டில் எண்ணிக்கை குறைந்தது அந்த ஆண்டு. ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புற்று, ஆமை, ஏழு குளம் என்று எல்லாவற்றையும் தூரமாக அமைத்துவிட்டேன், ஆகவே எதுவும் யாரையும் தொடாது என்று நம்பியிருந்தேன். அந்நியமான உடம்பு தூரத்தைத் தரும் என்று இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்பவர்கள் உண்டு. தருகிறதுதான். ஆனால் அந்தத் தூரத்தைத் தாண்டி எப்போது கிட்டே வருவது என்பதை அந்த உடம்பில் இருப்பவர்தான் தீர்மானிக்கவேண்டும். நான் அவருக்காகத் தீர்மானித்தேன். பிழை என்னுடையது.

இடைநிறுத்தமும் இரண்டாம் முடிவும்

இரண்டு ஞாயிறுகள் விளையாடவில்லை. நான் நேரே வீட்டுக்குப் போய்க் கதைப்பது சரியில்லை என்று மூத்தவர் தடுத்தார். அவரே போய் வந்தார். மூன்றாவது ஞாயிறு இளையவர் வந்தார். வந்து ஒரு விதிதான் கேட்டார்: “எண்ணிக்கை என்ர. நீங்கள் தொடக்கூடாது, அண்ணா.”

அதையே எல்லோருக்குமான விதியாக்கினோம். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு வழக்கம் உண்டு, அந்த வழக்கம் விளையாடுகிறவருடைய சொத்து. கதை சொல்கிறவர் அதைச் சுற்றி எதையும் வைக்கலாம், அதற்குள் கை வைக்கக்கூடாது.

அதோடு மேசை நடுவில் ஒரு சிரட்டையில் புளியங்கொட்டை ஒன்று வைத்தோம். யார் அதை எடுத்தாலும் அந்தக் காட்சி அங்கேயே மாறும். ஏன் என்று கேட்கக்கூடாது. இந்த விளையாட்டுக்காரரிடம் எக்ஸ் அட்டை என்ற பெயரில் இருக்கும் வழக்கம்தான் இது, அட்டைக்குப் பதில் புளியங்கொட்டை. வரவே கூடாதவை என்று ஒரு பட்டியலும் எழுதினோம்: காலடிப் பொறி, பதுங்குகுழி, ஆள் காணாமற்போவது, சீருடை. கடைசிச் சொல்லை எழுதியது 16 வயதுப் பெடியன்.

பட்டியலில் எழுதாத ஒன்றும் உண்டு. ஆமைகள் குளத்துத் தண்ணீரில் விளக்கெரிக்கட்டும், வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல் தண்ணீரில் எரிகிறதே என்று ஒருவர் சொன்னார். வைகாசிப் பொங்கல் முடிந்து கொஞ்ச நாள், எல்லோர் மனதிலும் அது இருந்தது. அழகான யோசனைதான். மூத்தவர் “அம்மனை விளையாட்டுக்கு எடுக்கவேண்டாம்” என்றார். பக்கத்தில் இருப்பது எல்லாம் எடுக்கக்கூடியது இல்லை, எடுக்கவில்லை.

நாலு மட்டை

38 பக்கத்தையும் ஓரங்கட்டிவிட்டு, ஒன்பதை நாலாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டை வெட்டினோம். மட்டையில் மூன்றே வரி. என்ன தின்னும். யாரிடம் எதைக் கேட்டு வாங்கவேண்டும். எதைச் செய்யாமல் இராது.

புற்று உடம்பு காய்ந்த மரத்தைத் தின்னும். களிமண் வேலை தெரிந்தது, குளக்கட்டில் வெடிப்பு விழுந்தால் அதைத்தான் கூப்பிடவேண்டும். வெள்ளம் வந்தால் அதற்குச் சாவு, ஆகவே குளம் நிறைவதை விரும்பாது. எண்ணாமல் நித்திரை கொள்ளாது.

ஆமை உடம்பு கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழை வரும் வரை கிடக்கும், பாலாமை உண்மையிலேயே அப்படித்தான் செய்கிறது. ஆகவே குளத்தின் கடைசிச் சேறு அதற்கு வேண்டும், துருசை (மதகை) முழுக்கத் திறக்க விடாது. பழைய தண்ணீர்ப் பங்கு யாருக்கு எவ்வளவு என்பது அதற்குத்தான் நினைவிருக்கும்.

அழுங்கு உடம்பின் மட்டையை எழுதும்போதுதான் சிக்கல் தெரிந்தது. ‘என்ன தின்னும்’ என்ற வரியில் கறையான் என்று எழுதிவிட்டுக் கமக்காரர் மகன் நிமிர்ந்தான். “அப்ப நான் இவவைத் தின்னுறதோ?” இளையவர் தன் மட்டையைத் திருப்பிப் பார்த்தார். அன்று முழுக்க இது ஒன்றுதான் நடந்தது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: முதல் மழை விழுந்து ஈசல் பறக்கும் இரவு மட்டும் அழுங்குகள் புற்றடிக்கு வரலாம், புற்று கூப்பிட்டால்தான் வரலாம், பறக்கிறதைத்தான் தின்னலாம். அதற்குக் கைமாறாக மற்ற இரவுகளில் அழுங்கு புற்றுக்குக் காவல். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 38 பக்கத்தில் இந்த இரண்டு உடம்புக்கும் தனித்தனியே 4 பக்கம் வரலாறு எழுதியிருந்தேன், ஒன்று மற்றதைத் தின்னும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாவது யானை. நான் அதை மிருகமாக, எதிரியாக வைத்திருந்தேன். வயலுக்குள் இறங்கும், விரட்டவேண்டும். ஒப்பந்தம் எழுதிய மறுவாரம் கமக்காரர் மகன் அழுங்கு மட்டையை 16 வயதுப் பெடியனிடம் கொடுத்துவிட்டு யானையைக் கேட்டான். அவன் தகப்பன் விளைச்சல் காலத்தில் இரவிரவாகப் பரணில் இருந்து யானை வெடி கொளுத்துகிறவர், அவனும் பாதி இரவு கூடப் போய் இருந்தவன். “அப்பாட்டச் சொல்லாதேங்கோ” என்றுவிட்டு மூன்று வரி எழுதினான். ஒரு நாளைக்கு 150 கிலோ பச்சை தின்னும். யாரிடமும் கேட்காது, கேட்டால் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். பழைய பாதையை விட்டு நடக்காது.

டைஸையும் மாற்றினோம். இருபது முகக் கட்டை இங்கே கடைகளில் இல்லை, போனில் உருட்டினோம். போனில் வரும் எண்ணை யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அது பெரிய குறை. ஆகவே கடையில் வாங்கும் லூடோ டைஸ் இரண்டு. கூட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை என்றால் நடக்கும் ஆனால் ஒரு விலை உண்டு, 6 அல்லது குறைய என்றால் கதை சொல்கிறவர் கையில். வேறு பல விளையாட்டுகளில் உள்ள முறைதான். இரண்டு கட்டையில் 36 வாய்ப்பு, அதில் 6இல் முழு வெற்றி, 15இல் விலையோடு வெற்றி, 15இல் சறுக்கல். அந்த நடு 15 எங்கள் கதைக்குத் தேவைப்பட்டது. தண்ணீர்ப் பிரச்சினையில் யாருக்கு முழு வெற்றி வந்திருக்கிறது?

மனித உடம்பை எடுத்துவிட்டேன். எல்லோரும் அதற்குள் ஒளிகிறார்கள் என்பது என் காரணம். 18 வயதுப் பெடியன் ஒருவன் அதோடு வருவதை நிறுத்திவிட்டான். “எனக்கு மனுசனாத்தான் விருப்பம்” என்றான், சண்டை ஒன்றும் இல்லை.

குளக்கூட்டம்

ஏழாம் ஞாயிறிலிருந்து கடைசி வரை ஒரே கதைதான்: அலைகரை நாட்டில் மழை பொய்த்த வருசம், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கும் கூட்டம். எங்கள் பக்கத்தில் குளத்துத் தண்ணீரின் அளவைப் பார்த்துச் சிறுபோகக் காணியைப் பங்குபோடும் கூட்டம் ஒவ்வொரு வருசமும் நடக்கிறது. அதில் யார் எழும்பிக் கத்துவார், யார் கடைசிக் கதிரையில் இருந்துகொண்டு முடிவை மாற்றுவார் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு அத்துபடி. ஆகவே உடம்பு அந்நியமாக இருந்தாலும் வழக்கு அந்நியமாக இல்லை. கொழும்பில் விளையாடிய காலத்தில் வாள் இல்லாமல் ஒரு பின்னேரம் போயிருந்தால் சலித்திருப்போம். இங்கே ஏழு ஞாயிறு வாளே வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கூட்டத்தில் யானைக்கு வாக்கு இல்லை. இரவில் மட்டும் வரும் உடம்பு, கூட்டம் பகலில் என்று மற்றவர்களே முடிவு செய்திருந்தார்கள். கமக்காரர் மகன் நாலு ஞாயிறு எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டு, இரவுக் காட்சிகளில் மட்டும் கதைத்தான். கடைசி ஞாயிறு கதையில் இருட்டும் வரை காத்திருந்து, குளக்கட்டில் படுத்திருந்த ஆமையிடம் வந்து நின்றான். ஆமை மூத்தவர்.

“எங்கட பாதை முதல் இருந்தது. வயல் பிறகு வந்தது. உனக்கு நினைவிருக்கும்.”

மூத்தவர் கொஞ்சம் யோசித்தார். “இருக்கு” என்றார். “ஆனா நான் சொன்னா என்ர சேறு போயிடும்.”

சொல்ல வைப்பதற்கு அவன் டைஸ் உருட்டினான். ஒரு கட்டை 5இல் நின்றது. மற்றது சிரட்டையில் மோதித் திரும்பி 3. மொத்தம் 8. நடக்கும், விலை உண்டு. விலையை நான் சொல்லப் போனபோது இளையவர் கையைக் காட்டி நிறுத்தினார். புற்றுகள் யானைப் பாதையைத் திறந்துவிட ஒத்துக்கொள்கின்றன, ஆனால் பாதையில் இருக்கும் களிமண் அணையை அவை இரவிலேயே வெட்டவேண்டும், வெட்டும் நேரம் தண்ணீர் ஓடிப்போகும் என்றார். எவ்வளவு ஓடும் என்று வாதம். 200 ஏக்கர் விதைக்க இருந்தது 120 ஆகக் குறைந்தது. குறைந்த 80 யாருடையது என்பதில் தேத்தண்ணி ஆறிவிட்டது. அன்றிரவு இளையவர் எண்ணியபோது யானையையும் சேர்த்து எண்ணினார். அவர் எண்ணியது எத்தனை என்று நான் கேட்கவில்லை.

அதன் பின்

புரட்டாதியோடு நிறுத்தினோம். காலபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் வேலை, பிறகு மழை. ஆறு பேரில் நாலு பேர் கடைசி வரை இருந்தார்கள். மனித உடம்பைக் கேட்டவன் திரும்பவில்லை. 20 வயதுப் பெண் ஒருவர் ஒரு பயிற்சிநெறிக்காக வவுனியாவுக்குப் போய்விட்டார், அவர் இடையில் போனது விளையாட்டினால் இல்லை.

இளையவரிடம் அந்த ஆறாம் ஞாயிறு பற்றி நான் பிறகும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. விளையாட்டு அவருக்கு நல்லது செய்தது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அவர் திரும்பி வந்தார், தன் விதியோடு வந்தார், அவ்வளவுதான் நான் பார்த்தது. கமக்காரர் மகன் இப்போதும் பரணுக்குப் போகிறான், வெடியும் கொளுத்துகிறான். மூத்தவர் முன்பள்ளியில் மூன்று வரி மட்டைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறார். அங்கே டைஸ் இல்லை, ‘எதைச் செய்யாமல் இராது’ என்ற வரி மட்டும். ஒரு பிள்ளை தன் மட்டைக்கு மூக்கு நோண்டாமல் இராது என்று எழுதச் சொன்னதாம்.

அடுத்த முறை மாற்றுவது

முதல் நாளே தாள் கொடுக்கமாட்டேன். தாளில் ஒரு கட்டம் வைத்தால் அது என்ன சொல் என்று யோசிக்கவேண்டும், அந்த யோசனையை விளையாடுகிறவர்களோடு சேர்ந்துதான் செய்யவேண்டும். ‘உடம்பு’, ‘ஊர்’ என்ற இரண்டு சொல்லும் வன்னிக்கு ஓரளவு சரிவந்தன. மட்டக்களப்பிலோ நுவரெலியாவிலோ வேறு சொல் வேண்டியிருக்கலாம்.

உலகத்தை எழுதுவது தவறில்லை, ஆனால் அது எனக்கான கொப்பியில் இருக்கட்டும். மேசைக்கு மூன்று வரிக்கு மேல் போகாது. அந்த மூன்றிலும் ‘என்ன தின்னும்’ என்பதைத்தான் முதலில் எழுதச் சொல்வேன். புற்றும் அழுங்கும் ஒரு பின்னேரம் முழுக்க வாதாடியது அந்த வரியினால்தான்.

வரக்கூடாதவற்றின் பட்டியலையும் புளியங்கொட்டையையும் ஏழாம் ஞாயிறு அல்ல, முதல் ஞாயிறே வைப்பேன். வன்னியில் இருந்துகொண்டு இதைப் பிந்திச் செய்ததற்குச் சாட்டு ஒன்றும் இல்லை.

மனித உடம்பை முழுக்க எடுத்தது என் பிடிவாதம். ஒரே ஒரு மனித மட்டை வைக்கலாம்: ஒன்றும் தெரியாமல் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஆள், முறிகண்டியில் வாங்கிய கச்சான் சரையோடு. கேள்வி கேட்பதுதான் அவருக்கு வேலை. அந்தப் பெடியனுக்கு அது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். மட்டையை வெட்டி வைத்திருக்கிறேன், இரண்டு வரி எழுதியாயிற்று. எதைச் செய்யாமல் இராது என்பதை அவன் வந்து எழுதட்டும் என்று விட்டிருக்கிறேன்.

மற்ற மட்டைகள் வாசிகசாலை அலுமாரியில் இருக்கின்றன. யானை மட்டையின் பின்பக்கத்தில் யாரோ தேத்தண்ணிக் காசுக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அதில் நான் இன்னும் 240 ரூபாய் கொடுக்கவேண்டும்.